கழுத்துக் கறுப்பும் பொட்டல மீனும்

1

என் மகள் ரித்திகாவின் பின்கழுத்தில் கறுப்புப் பட்டை தெரிந்தபோது நான் முதலில் சந்தேகப்பட்டது அவளுடைய கம்பளித் துண்டை. மேற்கு நார்வேயில் நாங்கள் இருக்கிற ஊரில் வருஷத்தின் பெரும்பகுதி மழையும் குளிரும்தான். கழுத்தில் எதையாவது சுற்றாமல் பிள்ளைகளை வெளியே அனுப்ப முடியாது. சாயம் போகிற சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்குப் போய், எனக்குத் தெரிந்த அரைகுறை நார்வே மொழியில் சண்டை போட்டேன். கடைப் பெண் பொறுமையாக ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, துண்டின் மேல் தேய்த்துக் காட்டினாள். ஒரு பொட்டுச் சாயம்கூட இறங்கவில்லை. வெள்ளைத் துணியில் ஏதோ சூட்சுமம் செய்துவிட்டாள் என்று முனகிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

நான் இப்படித்தான். என் வீட்டுக்காரர் என்னை சிஐடி என்றுதான் கூப்பிடுவார். உத்தமபாளையம் பக்கத்தில் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். கல்யாணமாகி இங்கே வந்து, இப்போது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். பால் கெட்டதா இல்லையா என்று தேதியைப் பார்ப்பவர்கள் நடுவில் மோந்து பார்ப்பவள் நான் ஒருத்திதான்.

இங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் பள்ளி நர்ஸ் உயரமும் எடையும் பார்ப்பார். அது முடிந்த சில நாளில் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'ஓர் உரையாடலுக்கு வர முடியுமா?' என்று கேட்டிருந்தார்கள். பிரச்சினை என்று இந்த நாட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லாம் உரையாடல்தான். எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. பிள்ளையைச் சரியாக வளர்க்கவில்லை என்று சொல்லி அரசாங்கத்து ஆட்கள் பிரித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்கிற பயம். யார் என்ன போட்டுக் கொடுத்தார்கள் என்று பக்கத்து வீட்டிலிருந்து வகுப்பு வாத்தியாரம்மா வரை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன்.

நர்ஸ் பாவம், நல்ல மனுஷி. வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி என்று சொல்வதாக நினைத்து ஆட்டுப் பால்கட்டி என்று சொல்லிவிட்டேன். அது இந்த ஊர்க்காரர்களின் செல்லப் பண்டம், அதனால் அவருக்கு ஒரே சந்தோஷம். பிறகு ரித்திகாவின் முடியை மெல்ல ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தார். டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்றார்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் சொன்னது இது. அந்தக் கறுப்பு அழுக்கும் இல்லை, சாயமும் இல்லை. பிள்ளையின் உடம்பு இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை, அதனால் மேலும் மேலும் சுரக்கிறது. சில பிள்ளைகளுக்கு அது கழுத்துத் தோலில் இப்படித் தெரியும். கல்லீரலிலும் கொழுப்பு சேரத் தொடங்கியிருக்கிறது. இன்னும் சர்க்கரை நோய் வரவில்லை, இப்போதே கவனித்தால் வராமல் தடுக்க வாய்ப்பு உண்டு.

சர்க்கரை என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. என் அப்பாவுக்கு முதலில் கால் விரல் போனது, பிறகு முழங்காலுக்குக் கீழே போனது, பிறகு அவரே போய்விட்டார். டாக்டர் இதைச் சொன்னபோது ரித்திகாவுக்கு ஒன்பது வயது.

2

அன்று சாயங்காலமே குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தேன்.

கடலைப் பார்த்துக்கொண்டு வாழ்கிற ஊர் இது. ஜன்னலைத் திறந்தால் மீன்பிடிப் படகு தெரியும். பிள்ளை நன்றாக மீன் சாப்பிடுகிறாள் என்று நான் ஊருக்குப் போன் போட்டுப் பெருமை பேசியிருக்கிறேன். அவள் சாப்பிட்டது என்ன? மீன் அடை, ஃபிஷ் ஃபிங்கர் என்கிற மீன் விரல், மீன் உருண்டை, எல்லாம் கடைப் பொட்டலம். பொட்டலத்தின் பின்பக்கத்தை அன்றுதான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாதியை ஒட்டித்தான் மீன். மிச்சம் உருளைக்கிழங்கு மாவு, பால், எண்ணெய், உப்பு, இன்னும் என் வாய்க்குள் நுழையாத பெயர்கள். காலையில் ரொட்டி மேல் தடவுகிற ஈரல் பசை, மத்தியானத்துக்குப் பதப்படுத்திய இறைச்சி வில்லை, பிறந்தநாள் வீடுகளில் தவறாமல் சாசேஜ். கறி மீன் என்று நாங்கள் கணக்கில் சேர்த்திருந்த எதற்கும் எலும்போ முள்ளோ இல்லை.

எங்கள் ஊரில் கறி வாங்குவதே சந்தேகப்படுகிற காரியம்தான். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது நாலைந்து வீடுகள் சேர்ந்து ஓர் ஆடு அறுப்பார்கள். பிறகு கூறு போடுவார்கள். ஈரலில் ஒரு துண்டு, தொடையில் ஒரு துண்டு, எலும்பு கொஞ்சம், கொழுப்பு கொஞ்சம் என்று எல்லாக் குவியலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அப்பா முதல் வெட்டிலிருந்து கடைசிக் குவியல் வரை கண்கொத்திப் பாம்பாக நின்றிருப்பார். யாராவது டீ குடிக்கக் கூப்பிட்டாலும் நகர மாட்டார். மீனென்றால் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்போம், வயிற்றை அமுக்கிப் பார்ப்போம். விற்கிறவரும் கோபப்பட மாட்டார். "நல்லாப் பாத்தே எடுங்கத்தா" என்பார். அந்த வீட்டில் பிறந்த நான்தான், படத்தில் மீன் சிரித்தது என்று பொட்டலத்தைத் தூக்கிக் கூடையில் போட்டிருக்கிறேன்.

உணவு ஆலோசகர் என்று ஓர் இளம் பெண்ணிடம் அனுப்பினார்கள். சுற்றி வளைக்காமல் கேட்டேன். "பொட்டலத்தை நிறுத்திவிட்டு நல்ல மீனும் கறியும் கொடுத்தால் என் பிள்ளைக்குச் சரியாகிவிடுமா?"

அப்படி வாக்குக் கொடுக்க முடியாது என்றாள். பொட்டலத்துக்குப் பதிலாக முழு மீன், கொழுப்பு குறைந்த கறி, முட்டை, பயறு என்று வந்தால் உப்பும் மறைந்திருக்கிற மாவும் குறையும், வயிறும் நிறையும் என்றாள். மீனில் இருக்கிற கொழுப்பு நல்லது என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன, ஆனால் பிள்ளைகளை வைத்து அடித்துச் சொல்லும் அளவுக்கு இன்னும் தெரியவில்லை என்றாள். மீன் மருந்து இல்லை. இனிப்புப் பானம், ஓடியாடுவது, தூக்கம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு படித்தவள் ஏன் பிடி கொடுக்காமல் பேசுகிறாள் என்று எனக்கு மூக்கு வியர்த்தது. எதையோ மறைக்கிறாள் என்றே நினைத்தேன். தெரிந்ததை மட்டும் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

3

யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் நடத்தும் கடைக்கு வாராவாரம் போய் முழு மீன் வாங்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் கானாங்கெளுத்தி. ரித்திகாவுக்கு முள் எடுக்கப் பழக்கினேன். முதல் நாள் அழுதாள். தட்டிலிருந்த மீன் அவளை முறைத்துப் பார்க்கிறதாம். தலையை நான் எடுத்துக்கொண்டேன். அப்புறம் மெல்ல மெல்ல, நடு முள்ளை ஒரே இழுப்பில் எடுத்துவிட்டு என்னைப் பெருமையாகப் பார்க்கிற அளவுக்கு வந்தாள்.

மீனோடு நின்றிருந்தால் நல்லது. நான் நிற்கவில்லை. அவளுடைய பையைச் சோதித்தேன். கோட்டுப் பையை மோந்து பார்த்தேன். தோழி ஒருத்தியின் பிறந்தநாள் விருந்துக்கு அவளை விடப் போன இடத்தில், சாசேஜில் என்ன கலந்திருக்கிறது என்று அந்தத் தோழியின் அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்தேன். அடுத்த வருஷம் அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. ரித்திகா ஒரு சாயங்காலம் என்னிடம், "நீ என்னை நம்புவதே இல்லை" என்றாள். அதை நார்வே மொழியில் சொன்னாள். பசி, தூக்கம், காய்ச்சல் என்றால் எங்களிடம் தமிழில் பேசுவாள். மனசு வருத்தம் என்றால் அவளுக்கு அந்த மொழிதான் வருகிறது. பதில் சொல்ல எனக்குத்தான் அந்த மொழி போதவில்லை.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லாம் கொஞ்சம் இறங்கியிருந்தது. கழுத்தும் லேசாகத் தெளிந்த மாதிரி இருந்தது. "மீன்தானே டாக்டர்?" என்றேன். அவர் சிரித்தார். இடையில் பழச்சாற்றை நிறுத்தியிருக்கிறீர்கள், பள்ளிக்கு நடந்து போகிறாள், எது எவ்வளவு செய்தது என்று ஒரு பிள்ளையை வைத்துச் சொல்ல முடியாது என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. மீன்தான் என்று அவர் சொல்லியிருந்தால் என் ஊர் ஜெயித்த மாதிரி இருந்திருக்கும். இந்த நாட்டுப் பொட்டலம் கெடுத்த பிள்ளையைக் கம்பம் பள்ளத்தாக்குச் சாப்பாடு தேற்றிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருப்பேன்.

அந்த நினைப்போடுதான் போன கோடை விடுமுறைக்கு அவளை ஊருக்குக் கூட்டிப் போனேன். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

4

தம்பி முருகேசன் காரோடு மதுரைக்கே வந்திருந்தான். ஆண்டிபட்டி தாண்டியதும் வைகை அணைக்கு வண்டியைத் திருப்பினான். வறுத்த மீன் வாங்கித் தருகிறேன் என்றான். மீன் சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. எண்ணெயும் எந்தக் காலத்து எண்ணெயோ. சாயம் போட்டீர்களா என்று நான் கேட்டதும் மீன் வறுத்துக்கொண்டிருந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். முருகேசனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏத்தா, கோவிச்சுக்காதீக. எங்க அக்கா வெளிநாட்டுல இருந்து செக்கிங்குக்கு வந்திருக்காக" என்றான்.

வீட்டில் அவன் மனைவி செல்வி ஆலம் சுற்றி உள்ளே அழைத்தாள். சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு இலையில் கறிக்குழம்பு. ரித்திகாவுக்குத் தனியாகப் பீங்கான் தட்டு. அதில் சிக்கன் நக்கெட்ஸ், சாசேஜ், பக்கத்தில் ஒரு குட்டை கெட்சப்.

"ஒங்க பிள்ள நம்ம சாப்பாடு தொடாதுன்னுட்டு ஒங்க தம்பி தேனி வரைக்கும் போய் வாங்கியாந்தாக மதினி" என்றாள் செல்வி. முகமெல்லாம் சிரிப்பு. "அங்கன சாப்டுற மாதிரியே இருக்கணும்ல. ஃப்ரீசர் பூராம் வாங்கி அடுக்கிருக்கோம்."

யாரைக் கோபிப்பது? விருந்தாளிக்கு அவர் வீட்டு வழக்கப்படி பரிமாறுவதுதானே எங்கள் பக்கத்து மரியாதை. எதிலிருந்து தப்பித்து வந்தேனோ அதையே என் பிள்ளைக்கு ஆசை ஆசையாக வறுத்து வைத்திருந்தார்கள். ரித்திகா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அத்தை, எனக்கு அம்மா இலையில இருக்கிற குழம்பு வேணும்" என்றாள். செல்வியின் முகம் சுண்டிப்போனது.

பக்கத்திலிருந்த பவித்ரா, அவர்களுடைய ஒரே பெண், பன்னிரண்டு வயது, அந்தத் தட்டைச் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் இழுத்த விதத்தில் பழக்கம் தெரிந்தது. எனக்குள் இருந்த சிஐடி விழித்துக்கொண்டாள். தண்ணீர் எடுக்கிற சாக்கில் ஃப்ரீசரைத் திறந்து பார்த்தேன். பாதிப் பொட்டலங்கள் ஏற்கெனவே பிரித்து ரப்பர் பேண்ட் போட்டவை. எங்களுக்காக வாங்கியவை மேலே இருந்தன. கீழே இருந்தவை அந்த வீட்டின் வாடிக்கை.

இரண்டு நாள் கழித்து அணை மீன் தெருவுக்கு வந்தது. நானே செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கிக் குழம்பு வைத்தேன். பவித்ரா மீனைத் தொடவில்லை. "அவளுக்கு முள்ளு எடுக்கத் தெரியாது மதினி" என்றாள் செல்வி. "சின்னப்பிள்ளையில ஒருக்கா தொண்டையில சிக்கிருச்சு. அதுல இருந்து நான் குடுக்கிறதில்ல. கறியும் மெல்லச் சிரமப்படுறா. நக்கெட்ஸுன்னா பயமில்ல பாருங்க." பத்து வயது ரித்திகா மீனை எடுத்துப் பிரித்து, முள்ளை ஓரமாக ஒதுக்கி, சதையைப் பவித்ராவின் சோற்றில் வைத்தாள். நார்வேயில் வளர்ந்த பிள்ளை வைகை மீனைக் கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைக்குத் தின்னச் சொல்லிக்கொடுத்தாள். அதைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது.

மறுநாள் காலை செல்வி பின்கட்டில் பவித்ராவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். எலுமிச்சம்பழத்தையும் கடலைமாவையும் போட்டு, காய்ந்து நாரான பீர்க்கங்கூட்டால் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அழுக்க பாரு. எத்தன தடவ தேச்சாலும் போகுதா? ஏடி, அசையாம நில்லு." பிள்ளையின் கழுத்து சிவந்து கிடந்தது. சிவப்புக்கு நடுவில் அந்தப் பட்டை, என் மகளுடையதைவிட அகலமாக, கறுகறுவென்று இருந்தது.

5

நேரம் பார்த்து, மெதுவாகத்தான் தம்பியிடம் சொன்னேன். திராட்சைப் பந்தலுக்குக் கீழே நடந்துகொண்டிருந்தோம். ரித்திகாவுக்கு என்ன வந்தது, டாக்டர் என்ன சொன்னார் எல்லாம் சொல்லிவிட்டு, பவித்ராவுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாமே என்றேன். மருந்தடிக்கிற ஆளுக்கு ஏதோ சொல்லப் போனவன் திரும்பி நின்றான்.

"ஒம்புள்ளைக்கு இருக்கிறது எம்புள்ளைக்கும் இருக்கணும்னு நெனக்கியாக்கா?"

அவன் நிறுத்தவில்லை. "வந்த அன்னிக்கே ஃப்ரீசரத் தெறந்து பாத்தியாம். செல்வி சொன்னா. நாங்க ஆசையா வாங்கி வச்சது ஒனக்கு வெசமாத் தெரியுது. கழுத்து கறுத்தா நோயா? வெயில்ல திரியிற பிள்ள. நீ பாட்டுக்குச் சொல்லிட்டு பிளேன் ஏறிருவ. நாளைக்கு ஊருக்குள்ள சர்க்கரப் பிள்ளைன்னு பேரு வந்துச்சுன்னா அவள எவன் கட்டுவான்?"

ஊரெல்லாம் சந்தேகப்பட்டுத் திரிந்த என்னை, எனக்குப் பின்னால் பிறந்து என் இடுப்பில் வளர்ந்தவன் சந்தேகப்பட்டான். அது எப்படி வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பிறந்தநாள் வீட்டில் நான் விசாரித்த அந்தப் பெண்ணின் முகம் சம்பந்தமில்லாமல் நினைவுக்கு வந்தது. வீட்டில் செல்வி பேச்சைக் குறைத்துவிட்டாள். மதினி என்று கூப்பிடுகிற இடத்தில் 'ஏங்க' என்றாள். டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அப்பாவின் கால் கண்ணுக்குள்ளேயே நின்றது. அந்தப் பிள்ளைக்குத் திரும்பிவர வழி இருக்கிறபோதே தெரிய வேண்டும். அதை யார் சொல்லி இவர்கள் கேட்பார்கள்?

பந்தலில் நான் சொன்னதை, எங்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் இரண்டு பேரும் காதில் வாங்கியிருக்கிறார்கள், அது எனக்குத் தெரியாது. அடுத்த முறை செல்வி பீர்க்கங்கூட்டை எடுத்தபோது ரித்திகா பின்கட்டுக்குப் போனாள். நான் அடுப்படியில் நின்றிருந்தேன். போகாதே என்று கூப்பிட வாயெடுத்தேன், அதற்குள் அவள் தன் முடியை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கி, அத்தைக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஊரில் யாரிடமும் காட்டக்கூடாது என்று வந்ததிலிருந்து கழுத்தை மூடியே வைத்திருந்தவள் அவள்.

"அத்தை, எனக்கும் இருக்கு. இது அழுக்கு இல்ல. தேய்ச்சா வலிக்கும், போகாது." கொஞ்சம் நிறுத்தி, தமிழில் சொல் தேடினாள். "இது உள்ள இருந்து வருது."

பவித்ரா ஈரத்தோடு திரும்பி ரித்திகாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "தேய்க்காதம்மா. தெனமும் வலிக்குதும்மா" என்றாள். இத்தனை நாளும் அவள் அதைச் சொல்லாமலேதான் நின்றிருக்கிறாள். செல்வி பீர்க்கங்கூட்டைக் கீழே போட்டுவிட்டு, துணிக்கல்லில் உட்கார்ந்து அழுதாள்.

6

மறுநாள் விடிந்ததும் முருகேசன் என் அறை வாசலில் வந்து நின்றான். முகத்தைப் பார்க்காமல், "வெறும் வயித்துல போகணுமாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

உத்தமபாளையத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம். நான், அவன், பவித்ரா. தெரிந்தவர்கள் யாரும் பார்க்கிறார்களா என்று அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். பவித்ராவை உள்ளே கூப்பிட்டார்கள். "டீ வாங்கியாரவா தம்பி?" என்றேன். "பிள்ள பட்டினி கெடக்கையில நான் மட்டும் எப்படிக்கா குடிக்க?" என்றான்.

பிறகு அவன், மீன் கொடுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டான். நான் அந்த உணவு ஆலோசகரிடம் கேட்ட அதே கேள்வி. ஆமாம் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. "நிச்சயமாச் சொல்ல முடியாதுடா. மீனு மருந்து இல்ல. பாக்கெட்டுக்குப் பதிலா மீனும் கறியும் குடுத்தா நல்லது. ஆனா கலர் சோடாவையும் நிறுத்தணும், ஓடியாடவும் விடணும். டாக்டர் சொல்றதக் கேப்போம்" என்றேன். அவன் தலையாட்டினான். பிடி கொடுக்காமல் பேசுகிறேன் என்று அவன் நினைத்திருக்கலாம்.

அப்போது அவன் எனக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். சட்டைக் காலரைப் பின்னால் இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.

"அக்கா, எனக்குப் பாரு."

நரைக்க ஆரம்பித்த முடிக்குக் கீழே தடித்த மடிப்புகள். மடிப்புகளில் கறுப்பு. தோட்டத்தில் பாடுபடுகிறவன், வெயிலாகவும் இருக்கலாம். வெயிலாகவே இருந்துவிடக் கூடாதா என்று இருந்தது எனக்கு. சட்டையை விலக்கி, வெயில் படாத இடம் வரை பார்த்தேன். அங்கேயும் இருந்தது.

"என்னக்கா, வெயிலுதானே?" என்றான் குனிந்தபடியே.

நான் அவன் காலரைச் சரிசெய்து விட்டேன். எழுந்து, ஊசி போடுகிற பெண்ணிடம் போனேன்.

"இவுகளும் இன்னும் ஒண்ணும் சாப்பிடலம்மா. இவுகளுக்கும் ரத்தம் எடுத்திருங்க."